கழுவாத ரோல் யாருடைய படம்?

ஃபிலிமை டெவலப் செய்வதற்கு நம்மூர் ஸ்டுடியோக்களில் புழங்கிய சொல் ‘கழுவுறது’. ரோலைக் கழுவக் கொடுப்போம், கழுவி வந்ததும் பிரிண்ட் போடச் சொல்வோம். அழகான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: படம் ஏற்கனவே முழுசாக உள்ளே இருக்கிறது, மேலே படிந்த ஏதோ ஒன்றைக் கழுவிவிட்டால் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை. பல வருஷம் கழித்துக் கண்டெடுத்த பழைய ரோல்களைப் பற்றி வருகிற செய்திகள், ஆவணப்படங்கள், கண்காட்சிக் குறிப்புகள் எல்லாமே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. ‘60 வருஷமாக இருட்டில் தூங்கிய படங்கள் கண் விழித்தன’ என்ற தோரணையில் எழுதுகிறார்கள். கொஞ்ச நாளாக இந்த வகைக் கதைகளைத் தேடித்தேடிப் படித்ததில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டாகியிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கறுப்பு-வெள்ளை ஃபிலிம் என்பது ஜெலட்டினில் பதித்த வெள்ளி ஹாலைடு படிகங்கள். வெளிச்சம் பட்டால் ஒரு படிகத்தின் மேல் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. அவ்வளவுதான். இதற்குப் பெயர் மறைபிம்பம். எந்தக் கண்ணாலும் இதைப் பார்க்க முடியாது. டெவலப்பர் என்ற ரசாயனம் அந்தச் சின்ன அணுக்கூட்டத்தை ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டு மொத்தப் படிகத்தையும் வெள்ளியாக மாற்றுகிறது. கிட்டத்தட்ட நூறு கோடி மடங்கு பெருக்கல் இது. பிறகு வெளிச்சம் படாத படிகங்களை ஹைப்போ கரைத்து வெளியேற்றுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தை வேண்டுமானால் கழுவுதல் என்று சொல்லலாம். அதற்கு முந்தையது கட்டுமான வேலை.

ஒரு வாரத்துக்குள் கழுவுகிற ரோலில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் நாற்பது, ஐம்பது வருஷம் கிடந்த ரோலில்தான் தெரியும். காலம் அங்கே இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. வெளிச்சம் உண்டாக்கிய அணுக்கூட்டங்கள் மெதுவாகக் கலைகின்றன. இன்னொரு பக்கம் வெளிச்சமே படாத படிகங்களில் வெப்பம், ஈரம், இயற்கைக் கதிர்வீச்சு இவற்றால் பொய்யான அணுக்கூட்டங்கள் முளைக்கின்றன. டெவலப்பருக்கு எது நிஜம், எது பொய் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே கறுப்பாக்கும். அந்தப் பொய்க் கறுப்புக்குத்தான் ‘ஃபாக்’ என்று பெயர். வேகமான ஃபிலிம்களில் இது சீக்கிரம் ஏறும், மந்தமான ஃபிலிம்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கோடக்கின் வெரிக்ரோம் பான் இப்படித் தாக்குப்பிடிப்பதில் பெயர் வாங்கியது.

ஆக, பழைய ரோலைக் கையில் எடுப்பவர் வரிசையாக முடிவுகள் எடுத்தாக வேண்டும். ஃபாக் ஏறாமலிருக்க கரைசலைக் குளிரவைத்துக் கழுவுவதா? எச்.சி.-110 மாதிரி டெவலப்பரை அடர்த்தியாகக் கலந்து சீக்கிரம் முடிப்பதா? பென்ஸோட்ரையஸோல் சேர்த்து ஃபாக்கை அடக்குவதா? அடக்கினால் மங்கலான நிழல் விவரங்களும் கூடவே அடங்கிப்போகுமே, பரவாயில்லையா? முதலில் ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டில் யார் முகம் இருந்தது என்பது கழுவின பிறகுதான் தெரியும். ஸ்கேன் செய்யும்போது இன்னொரு சுற்று முடிவுகள்: எவ்வளவு கான்ட்ராஸ்ட், எந்தக் கறையை விட்டுவைப்பது, எதை அழிப்பது. ஆக, தூங்கின படம் தானாக ஒன்றும் கண் விழிக்கவில்லை. இன்னொருவர் உட்கார்ந்து ஒரு படத்தைச் செய்திருக்கிறார்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. சுவடி பதிப்பித்தவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். உ.வே.சா. 1904-இல் பதிற்றுப்பத்தை அச்சிட்டபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்த எட்டை அச்சிட்டார். அந்த நூலைப் பதிற்றுப்பத்து என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டு பத்து இல்லை என்பது வாசகனுக்குத் தெரியும். இந்த ‘தெரியும்’ என்பதுதான் விஷயம். கண்டெடுத்த ரோல்களின் கதைகளில் அது பெரும்பாலும் காணாமல் போகிறது.

இரண்டாவது உறுத்தல் ‘மறந்துபோன’ என்ற சொல். மறந்தவர் யார்? மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே கழுவாத ரோல்கள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு.

முதலாமவர் நில்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க். ஸ்வீடன்காரர். 1897 ஜூலை 11 அன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிய மூவரில் ஒருவர். தலைவர் சாலமோன் ஆகஸ்ட் ஆந்த்ரே, மூன்றாமவர் க்னுட் ஃப்ரேங்கல். பலூன் மூன்றே நாளில் பனிமேல் இறங்கிவிட்டது. அதன்பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் பனிப்பாளத்தில் நடந்தும் மிதந்தும் அக்டோபரில் க்விட்டோயா என்ற தீவைச் சேர்ந்தார்கள். அங்கேயே மூவரும் இறந்தார்கள். 33 வருஷம் யாருக்கும் எதுவும் தெரியாது. 1930 ஆகஸ்டில் ஒரு நார்வேக் கப்பல்தான் அந்த முகாமைக் கண்டது. அந்த ஆண்டு மீட்கப்பட்ட பொருட்களில் ஃபிலிம்களும் இருந்தன. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற புகைப்பட வல்லுநர் அவற்றைக் கழுவினார். எடுத்தது சுமார் 240 படம், மீண்டது 93.

அதில் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பனிமேல் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிற பெரிய பலூன், அதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு சின்ன உருவங்கள். படமெங்கும் புள்ளிகள், கறைகள். வானம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இந்தக் கறைகளை ‘கவித்துவம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்டிரிண்ட்பெர்க் கவிதை எழுதப் போகவில்லை. பயணத்தின் படப்பிடிப்பாளர் அவர். அதற்கான காமிராவோடு போனார், திரும்பி வந்து காட்டுவதற்காக எடுத்தார். தன் 25-ஆவது பிறந்தநாளைப் பனிமேல் கண்ட ஒருவர், பலூன் விழுந்த பிறகும் காமிராவை முக்காலியில் நிறுத்தி வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அந்த ஒழுங்குதான் என்னை அசைக்கிறது, கறைகள் அல்ல. கறை ஈரம் செய்த வேலை. அதை அவர் கணக்கில் எழுதுவது சரியில்லை.

ஆனாலும் இந்த விஷயத்தில் ஹெர்ட்ஸ்பெர்க்குக்கு எந்தத் தர்மசங்கடமும் இருந்திருக்காது. இந்த ஃபிலிமைக் கழுவ வேண்டும் என்பதுதான் எடுத்தவரின் விருப்பமும். எவரெஸ்டில் 1924-இல் காணாமல் போன மேலரி, இர்வின் இருவரும் கொண்டுபோனதாக நம்பப்படும் கோடக் காமிரா கிடைத்தாலும் இதே கதைதான். 1999-இல் மேலரியின் உடல் கிடைத்தது, காமிரா கிடைக்கவில்லை. 2024-இல் இர்வினின் ஒரு கால் கிடைத்தது, அப்போதும் காமிரா இல்லை. அந்த ரோலிடம் உலகம் கேட்பது ஒரே கேள்வி: உச்சியை அடைந்தார்களா? அங்கே படம் என்பது சாட்சி. சாட்சிக்கு அழகு வேண்டியதில்லை, தெளிவு போதும்.

இரண்டாமவர் கேரி வினோகிராண்ட். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நியூயார்க் தெருக்களை லைக்காவும் ட்ரை-எக்ஸ் ஃபிலிமுமாகச் சுற்றிவந்தவர். 1984-இல் 56 வயதில் புற்றுநோயால் இறந்தார். இறந்தபோது அவரிடம் சுமார் 2,500 ரோல்கள் கழுவாமலே இருந்தன. இன்னும் 6,500 ரோல்கள் கழுவியும் கான்டாக்ட் ஷீட் போடாமல் இருந்தன. ஒரு ரோலுக்கு 36 படம் என்று வைத்தால் மூன்று லட்சத்துக்கும் மேலே. அத்தனையும் அவர் எடுத்து, அவரே பார்க்காத படங்கள்.

இது மறதி அல்ல. எடுத்த ரோலை உடனே கழுவக் கூடாது என்பது அவருடைய பழைய வழக்கம். ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேல் போட்டுவைப்பார். படம் எடுத்த அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்ற நினைவு முழுக்க ஆறிப்போக வேண்டும், அப்போதுதான் படத்தைப் படமாக மட்டும் பார்க்க முடியும் என்பது அவர் நியாயம். எழுதிய கதையைக் கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டு எடுத்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் கடைசி வருஷங்களில், லாஸ் ஏஞ்சல்ஸில், மூடிவைப்பது மட்டும் நடந்தது. எடுத்துப் பார்ப்பது நின்றுபோனது. காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓடுகிற காரிலிருந்தே சுட்டுத்தள்ளினார்.

அவர் இறந்த பிறகு ரோல்கள் கழுவப்பட்டன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படத் துறைத் தலைவர் ஜான் சார்கோவ்ஸ்கி அவற்றைப் பார்த்தார். வினோகிராண்டை 1967-லேயே பெரிய மேடையில் ஏற்றியவர் அவர். எதிரி அல்ல, ஆதரவாளர். 1988-இல் நடத்திய கண்காட்சியில் அவருடைய தீர்ப்பு கடுமையாக இருந்தது: கடைசிக் காலப் படங்களில் பெரும்பாலானவை தேறாது. காமிரா ஆடியிருக்கிறது, எதை நோக்கி எடுத்தார் என்றே தெரியவில்லை, கலைஞர் தன் கலையைக் கைவிட்டுவிட்டார் என்ற தொனி. 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லியோ ரூபின்ஃபியன் தொகுத்த பெரிய கண்காட்சி வேறு பக்கம் நின்றது. வினோகிராண்ட் உயிரோடிருந்தபோது அச்சிடாத பல படங்கள் அதில் வந்தன. பிற்காலத்திலும் நல்ல படங்கள் உண்டு, அங்கே வேறொரு வினோகிராண்ட் இருக்கிறார், இருண்டவர், தனித்தவர் என்பது அந்தக் கண்காட்சியின் வாதம்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வினோகிராண்டின் கலை இரண்டு பகுதி உடையது. ஒன்று தெருவில் சுடுவது. மற்றொன்று ஒரு வருஷம் கழித்துக் கான்டாக்ட் ஷீட்டில் பென்சிலோடு உட்கார்ந்து ஆயிரத்தில் ஒன்றைப் பொறுக்குவது. இரண்டாவது நடக்காத ரோல்களைப் பார்த்து ‘தேறாது’ என்பது, குத்தாத நெல்லைத் தின்று பார்த்துவிட்டுச் சோறு சரியில்லை என்பது போல. அதே சமயம் அந்த நெல்லை வேறொருவர் குத்திப் பொங்கிவிட்டு ‘இது அவர் கைச்சோறு’ என்பதும் சரியில்லை. ரூபின்ஃபியன் நல்ல புகைப்படக்காரர், வினோகிராண்டை நேரில் அறிந்தவர். மூன்று லட்சத்திலிருந்து அவர் பொறுக்கியது அழகான ஒரு வினோகிராண்ட்தான். அது ரூபின்ஃபியனின் வினோகிராண்ட். வேறொருவர் பொறுக்கினால் சிரிக்கிற வினோகிராண்ட் வரலாம், சலித்துப்போனவர் வரலாம். மூன்று லட்சம் படத்தில் எவரும் கிடைப்பார்.

சார்கோவ்ஸ்கி பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். பார்ப்பதையே நிறுத்திவிட்ட ஒருவர் எடுக்கிற படம் மாறத்தான் செய்யும். தன் படங்களிலிருந்து கற்றுக்கொள்வது நின்றுபோன பிறகு கை மட்டும் பழக்கத்தில் ஓடும். ஆனால் அது ஒரு மனிதர் நோயும் சோர்வுமாக இருந்த காலத்தைப் பற்றிய தகவல். கலைத் தீர்ப்பாக அதை வைக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

மூன்றாமவரை எல்லோருக்கும் தெரியும்: விவியன் மேயர். 1926-இல் நியூயார்க்கில் பிறந்து 2009-இல் சிகாகோ பகுதியில் இறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி வசதியான வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கழுத்தில் ரோலைஃப்ளெக்ஸ். வாடகை கட்டாததால் 2007-இல் அவருடைய கிடங்குப் பொருட்கள் ஏலத்துக்குப் போயின. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ்களைச் சில நூறு டாலருக்கு எடுத்தார். மேலும் தேடி வாங்கியதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நெகட்டிவ்கள் சேர்ந்தன. சுமார் 2,000 கறுப்பு-வெள்ளை ரோல்களும் 700 வண்ண ரோல்களும் கழுவாமலே இருந்தன என்கிறார். 2013-இல் மலூஃபும் சார்லி சிஸ்கலும் சேர்ந்து எடுத்த ‘ஃபைண்டிங் விவியன் மேயர்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

நன்றாக எடுக்கப்பட்ட படம், விறுவிறுப்பாகப் போகும். பார்த்து முடித்ததும் உங்களுக்கு ஒரு மர்மப் பெண்மணியைத் தெரியும், ஒரு சாமர்த்தியமான இளைஞரைத் தெரியும். படங்களைப் பற்றி? ரொம்பக் குறைவு. எந்த ரோல் கழுவாமல் இருந்தது, எதை மேயரே கழுவி அச்சிட்டார், எதை மலூஃபின் குழு தேர்ந்தெடுத்தது என்ற கேள்விகளுக்குப் படத்தில் அக்கறை இல்லை. அவருடைய விசித்திரமான தொப்பி, நடை, பழைய செய்தித்தாள் குவியல் இவற்றுக்கு நிறைய நேரம் இருக்கிறது. வீட்டு வேலை செய்த ஒரு பெண் இவ்வளவு நல்ல படம் எடுத்தாரா என்ற ஆச்சரியம்தான் படத்தை ஓட்டுகிறது. அந்த ஆச்சரியத்துக்குள் இருக்கிற மேட்டிமையைப் படம் கவனிக்கவில்லை.

ஒரு காட்சி முக்கியம். இதையெல்லாம் வெளியிட அவர் விரும்பியிருப்பாரா என்ற கேள்வி வரும்போது, பிரான்ஸில் தன் தாயின் ஊர்ப்பக்கத்து லேப் உரிமையாளருக்கு மேயர் எழுதிய ஒரு கடிதத்தைக் காட்டுகிறார்கள். தன் படங்களை அச்சிட்டுத்தர முடியுமா என்று கேட்கிறார். பாருங்கள், அவருக்கும் விருப்பம் இருந்தது என்று படம் நிம்மதி அடைகிறது. ஆனால் அந்தக் கடிதத்திலிருந்து இன்னொன்றும் தெரிகிறதே: எப்படி அச்சிட வேண்டும் என்பதில் அவருக்குக் கறாரான எண்ணம் இருந்தது. வேலை பார்த்த ஒரு வீட்டில் தன் குளியலறையையே இருட்டறையாக்கிக்கொண்டவர் அவர். அவரே போட்ட பிரிண்ட்கள் கிடைக்கின்றன. பலவற்றில் சதுர நெகட்டிவை வெட்டி, செங்குத்தாகவோ நீளவாக்கிலோ ஆக்கியிருக்கிறார். இன்று நாம் ‘மேயர் பாணி’ என்று கொண்டாடுகிற முழுச் சதுரம் பெரும்பாலும் அவர் போனபிறகு அச்சிட்டவர்கள் எடுத்த முடிவு. இதை நிதானமாக எழுதியவர் பமேலா பானோஸ். 2017-இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் மேயரை மர்மத்திலிருந்து மீட்டு ஒரு புகைப்படக்காரராக உட்கார வைக்கிறது. ஆவணப்படம் பார்த்தவர்கள் அதையும் படித்துவிடுவது நல்லது.

அப்படியானால் கழுவாமல் விட்டுவிட வேண்டுமா? சிலர் அப்படி வாதிடுகிறார்கள்: பார்க்காமல் விட்டதும் ஒரு தேர்வுதான், அதை மதிக்கணும். கேட்க நேர்மையாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை, காரணம் ரசாயனம். ரோலைச் சும்மா விட்டாலும் அது சும்மா இருக்காது. மறைபிம்பம் கலைந்துகொண்டே இருக்கிறது, ஃபாக் ஏறிக்கொண்டே இருக்கிறது. கோடக்ரோம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கழுவிக்கொண்டிருந்த உலகின் கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில், 2010 டிசம்பர் இறுதியோடு அந்த ரோல்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. இன்று கிடைக்கிற கோடக்ரோம் ரோலைக் கறுப்பு-வெள்ளையாகத்தான் கழுவ முடியும். காத்திருந்ததில் வண்ணம் போயிற்று. கழுவாமல் விடுவது மரியாதை போலத் தெரியும், ஆனால் அதுவும் ஒரு முடிவு. திருத்த முடியாத முடிவு.

ஆகவே கழுவலாம், கழுவத்தான் வேண்டும். அதன்பிறகு என்ன சொல்கிறோம் என்பதில்தான் என் சண்டை. ஒரு படத்தின் கீழே மூன்று தகவல் வேண்டும் என்பேன்: எடுத்தவர் யார், கழுவியவர் யார், பொறுக்கியவர் யார். எப்போதெல்லாம் இவை மூன்றும் வேறு வேறு ஆட்களோ, அப்போதெல்லாம் மூன்றையும் சொல்லணும். பொறுக்கின ஒரு படத்தை மட்டும் சுவரில் மாட்டாமல் அது வந்த கான்டாக்ட் ஷீட்டையும் பக்கத்தில் வைக்கணும். முன்னும் பின்னும் என்ன எடுத்தார் என்று தெரிந்தால் பார்ப்பவர் தானே ஒரு முடிவுக்கு வரலாம். ஃபாக்கும் கறையும் இருந்தால் அவை எதனால் வந்தவை என்று ஒரு வரி. பெரிய செலவில்லை. பதிப்பாசிரியர்கள் ஒரு நூற்றாண்டாகச் செய்துவருகிற காரியம்தான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய காமிரா, அதில் பாதி ஓடிய ரோல் இருக்கலாம். பின்பக்கத்தைத் திறந்து பார்க்காதீர்கள், திறந்தால் வெளிச்சம் பட்டுப் போய்விடும். ரீவைண்ட் செய்து வெளியே எடுத்து, ஒரு கவரில் போட்டு, யாருடைய காமிரா, எந்த அலமாரியில் எத்தனை வருஷம் இருந்தது என்று எழுதிவையுங்கள். பிறகு பழைய கறுப்பு-வெள்ளை ரோல் கழுவிப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். துண்டு வெட்டிச் சோதிப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மங்கலாக ஒரு முகம் வந்தால் சந்தோஷம். மென்பொருளை விட்டு மூக்கையும் கண்ணையும் கூர்மையாக்கும் ஆசை வரும். அந்தக் கூர்மையைக் கொண்டுவருவது மென்பொருள், உங்கள் தாத்தா அல்ல. மங்கலாக வந்த பிரதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.